குண்டூர்க் கன்னியர் மருத்துவமனை

தமிழ்நாட்டைவிட்டு வந்து தில்லியிலோ, பாட்னாவிலோ, மும்பையிலோ, பெங்களூரிலோ குடியேறிய தமிழ்க் குடும்பத்தாருக்குக் கன்னியாஸ்திரீகள் நடத்தும் மருத்துவமனை புதியதன்று. தாய்வீடு தொலைவில் இருக்க, பேறுகாலத்துக்கு ஊர் போய்ச் சேர முடியாத பெண்கள் பலர் அத்தகைய மருத்துவமனையில் பிள்ளை பெற்றிருக்கிறார்கள். அங்கே ஒரு கன்னியாஸ்திரீ பிரசவ அறையில் நிற்பதும், அவரே டாக்டராக இருப்பதும், தேவை நேர்ந்தால் அவரே அறுவைச் சிகிச்சை செய்வதும் இன்று யாருக்கும் வியப்பளிப்பதில்லை. ஆனால் நூறு ஆண்டுகளுக்கு முன் அது தடுக்கப்பட்ட செயலாக இருந்தது. தடுத்தது அரசாங்கமன்று, அக்கன்னியரின் சொந்தத் திருச்சபையே தடுத்திருந்தது. அந்தத் தடை எவ்வாறு எழுந்தது, எவ்வாறு நீங்கியது என்பதை ஆந்திரப் பிரதேசத்தில் குண்டூர் நகரிலுள்ள ஒரு மருத்துவமனையின் வரலாற்றைக் கொண்டு இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரத்தை நேயர்கள் அறிவீர்கள். அதன் முடிவில் வள்ளுவர் மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கிறார். நோயுற்றவன் ஒரு கூறு, அந்நோயைத் தீர்க்கும் மருத்துவன் மற்றொரு கூறு, மருந்து மூன்றாவது, அருகிலிருந்து அம்மருந்தை ஊட்டிப் பேணுபவன் நான்காவது. இந்த நான்காவது இடத்தைக் கத்தோலிக்கத் திருச்சபை தன் கன்னியருக்குப் பல நூற்றாண்டுகளாகவே மனமுவந்து அளித்திருந்தது. நோயாளியின் படுக்கையருகே விழித்திருப்பது, புண்ணைக் கழுவிக் கட்டுவது, கஞ்சி காய்ச்சிக் கொடுப்பது, சாகும் தறுவாயில் இருப்பவனின் கையைப் பற்றியிருப்பது ஆகிய இவையெல்லாம் அவர்களுடைய தொண்டாக மதிக்கப்பட்டன. ஆனால் இரண்டாவது இடம், அதாவது மருத்துவரின் இடம், அவர்களுக்கு மறுக்கப்பட்டிருந்தது.

இம்மறுப்புக்கு நீண்ட வரலாறு உண்டு. 1215-இல் ரோமாபுரியில் கூடிய நான்காம் லாத்தரன் பொதுச் சங்கம், குருமார் கத்தியும் தீயும் கொண்டு செய்யும் சிகிச்சையில் ஈடுபடலாகாது என விதித்தது. திருப்பலி நிறைவேற்றும் கையில் இரத்தக்கறை படியலாகாது என்பது அக்காலத்தாரின் எண்ணம். 1917-இல் தொகுத்து வெளியிடப்பட்ட திருச்சபைச் சட்டமும், பாப்பரசரின் தனி அனுமதியின்றிக் குருமார் மருத்துவத் தொழிலோ அறுவைத் தொழிலோ செய்யலாகாது என்று கூறியது. துறவற சபையினருக்கும் அவ்விதி பொருந்துவதாயிற்று. இதற்கும் மேலாக, மகப்பேற்று மருத்துவம் கன்னியரின் கற்பு வார்த்தைப்பாட்டுக்கு ஒவ்வாதது என்ற கருத்தும் மேலிடத்தில் ஊன்றி நின்றது. ஆகவே, பிரசவ வேதனையில் துடிக்கும் பெண்ணுக்காக ஒரு கன்னி செபிக்கலாம். அவளுடைய பிள்ளையைக் கையில் ஏந்தி வெளிக்கொணர முடியாது.

ஐரோப்பாவில் இவ்விதியால் விளைந்த தீங்கு பெரிதாகத் தோன்றவில்லை. அங்கே கன்னியர் நடத்திய மருத்துவமனைகளில் ஆண் டாக்டர்கள் இருந்தார்கள். நோயாளிகளும் அவர்களிடம் கூசாமல் சென்றார்கள். இந்தியாவிலோ நிலைமை வேறு. கோஷா வழக்கமுள்ள குடும்பங்களிலும், அவ்வழக்கம் இல்லாத பல குடும்பங்களிலுங்கூட, ஆண் மருத்துவர் ஒருவர் பெண்ணின் நாடியைப் பிடிப்பதே பொறுக்கலாகாத செயலாகக் கருதப்பட்டது. பிரசவத்தைப் பார்ப்பது எண்ணிப் பார்க்கவும் இயலாதது. ஊர் மருத்துவச்சியின் கைராசி பலிக்காதபோது, தாயும் சேயும் வீட்டுக்குள்ளேயே மாண்டனர். பெண் டாக்டர் வேண்டும் என்ற உணர்வு பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவத் தொடங்கியது. சென்னை மருத்துவக் கல்லூரி 1875-இல் பெண்களைச் சேர்த்துக் கொண்டது. 1885-இல் சென்னையில் கோஷாப் பெண்களுக்கென ஒரு மருத்துவமனை தோன்றியது. இந்தியப் பெண்களுக்குப் பெண் மருத்துவர்களைக் கொண்டு உதவும் பொருட்டு டஃபரின் சீமாட்டி நிதி நிறுவியதும் அவ்வாண்டில்தான்.

அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த குண்டூரிலும் ஒரு பெண் டாக்டர் இருந்தார். அமெரிக்க லூத்தரன் மிஷனைச் சேர்ந்த அன்னா குக்ளர் அம்மையார் 1883-இல் அங்கு வந்து, 1898-இல் பெண்களுக்கென மருத்துவமனை திறந்தார். வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையார் 1902-இல் தொடங்கிய மருத்துவமனையின் புகழைத் தமிழருக்குச் சொல்ல வேண்டுவதில்லை. இவ்விருவரும் புராடஸ்டண்டு மிஷனரிகள். கன்னியர் மடத்து வார்த்தைப்பாடு கொடுத்தவர்களல்லர். எனவே அவர்களுடைய கையைக் கட்டிப்போடும் விதி எதுவும் இல்லை.

இந்நிலையில் 1904-இல் ஹாலந்து தேசத்திலிருந்து சில கத்தோலிக்கக் கன்னியர் குண்டூர் வந்து சேர்ந்தனர். 1822-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் தோன்றிய இயேசு மரி சூசை சபையைச் சேர்ந்தவர்கள் அவர்கள். கல்வியும் நோயாளி பராமரிப்பும் அவர்கள் மேற்கொண்ட பணிகள். ஒரு சிறு மருந்தகம் வைத்து, வந்தவர்களுக்கு மருந்து கொடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டுப் போட்டார்கள். வள்ளுவர் கூறிய நான்காமவரின் கடமையை அவர்கள் குறைவறச் செய்தார்கள். இரண்டாமவர்தாம் அங்கில்லை.

அவ்விரண்டாமவர் எங்கிருந்து வந்தார் என்பதை அறிய, நாம் குண்டூரைச் சற்று விட்டு, ஸ்காட்லாந்து தேசத்து மூதாட்டி ஒருவரைச் சந்திக்க வேண்டும். எடின்பரோவில் 1837-இல் பிறந்த ஆக்னஸ் மக்லாரன் அம்மையாரே அவர். பெண்களுக்கு வாக்குரிமை வேண்டும் என்று கிளர்ச்சி செய்தவர். தம் நாட்டில் பெண்களுக்கு மருத்துவப் பட்டம் மறுக்கப்பட்டிருந்தமையால், பிரான்சு தேசத்து மோம்பெலியே பல்கலைக்கழகத்தில் பயின்று 1878-இல் டாக்டரானார். அறுபது வயதளவில் கத்தோலிக்கராகி, இந்தியப் பெண்களின் துயரைக் கேள்வியுற்று, 1909-இல் தம் எழுபத்திரண்டாம் வயதில் இந்தியாவுக்குப் புறப்பட்டு வந்தார். இன்று பாகிஸ்தானில் உள்ள ராவல்பிண்டியில், பெண்களுக்கும் குழந்தைகளுக்குமென அர்ச்சியசிஷ்ட கத்தரீனம்மாள் பெயரால் ஒரு மருத்துவமனை உருவாகத் துணைபுரிந்தார்.

ஆனால் அம்மருத்துவமனைக்கு நிலையாகத் தங்கக்கூடிய பெண் டாக்டர் கிடைப்பது அரிதாயிற்று. வாழ்நாள் முழுவதும் அங்கேயே இருக்க ஆயத்தமானவர்கள் கன்னியர். அவர்களோ டாக்டராகக் கூடாது. டாக்டரான பிற பெண்களோ வாழ்நாள் முழுவதும் அங்கே தங்க இயலாதவர்கள். இம்முடிச்சை அவிழ்க்கும் பொருட்டு மக்லாரன் அம்மையார் ரோமாபுரிக்குப் பலமுறை சென்று, கன்னியர் மருத்துவம் செய்ய இசைவு தரவேண்டும் என்று விண்ணப்பித்தார். விண்ணப்பத்துக்குப் பயன் காணாமலே 1913-இல் உயிர் நீத்தார்.

அவருடைய வாழ்க்கையைப் பற்றி வெளிவந்த ஒரு சிறு பிரசுரம், 1915-இல் ஆஸ்திரேலிய நாட்டு மெல்போர்ன் நகரில் ஒரு பெண் டாக்டரின் கைக்கு எட்டியது. அவர் பெயர் மேரி குளௌரி. விக்டோரியா மாநிலத்தில் 1887-இல் பிறந்து, 1910-இல் மெல்போர்ன் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்று, நகரத்தில் நல்ல தொழில் நடத்தி வந்தவர். கத்தோலிக்கப் பெண்களின் சமூகத் தொண்டுக் கழகத்துக்கு முதல் தலைவராகவும் விளங்கியவர். இந்தியாவில் இறக்கும் குழந்தைகளின் தொகையையும், பெண் டாக்டர் இல்லாமல் தாய்மார் படும் பாட்டையும் அப்பிரசுரத்தில் படித்தபின், தம் வாழ்வின் பணி இன்னதென அவர் துணிந்துவிட்டார். துணிந்த மறுநாளே கப்பலேறவில்லை. மகப்பேறு, பெண்ணோய், கண்ணோய் ஆகிய துறைகளில் மேற்கொண்டு பயின்று, 1919-இல் உயர் பட்டமான எம்.டி. பெற்றார். 1920-இல் குண்டூர் வந்து இயேசு மரி சூசை சபையில் சேர்ந்து, திரு இருதய மரியாள் என்னும் துறவுப் பெயரை ஏற்றார். அப்போது பாப்பரசராக இருந்த 15-ஆம் பெனடிக்ட், அவர் கன்னியாக இருந்துகொண்டே மருத்துவம் செய்யத் தனி அனுமதி வழங்கினார். வார்த்தைப்பாடு கொடுத்த கன்னியர் ஒருவர் இவ்வாறு மருத்துவராகத் தொழில் செய்ய இசைவு பெற்றது அதுவே முதல் முறை என்பர்.

மருந்தகமாக இருந்தது மருத்துவமனையாக வளர்ந்தது. அர்ச்சியசிஷ்ட சூசையப்பர் மருத்துவமனை என்று அதற்குப் பெயர். எல்லாச் சாதியாரும் எல்லா மதத்தாரும் அதன் வாயிலை மிதித்தனர். பெரும்பாலான காலம் அங்கே டாக்டர் அவர் ஒருவரே. ஒரு டாக்டர் எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இக்கேள்விக்கு அவர் கண்ட விடைதான் அவருடைய பெருமைக்கு அடிப்படை. உள்ளூர்ப் பெண்களைத் தேர்ந்தெடுத்து, மருந்து கலக்கும் கம்பவுண்டர்களாகவும், நர்ஸுகளாகவும், மருத்துவச்சிகளாகவும் பயிற்றினார். குடிப்பெருமை பேசும் வீடுகளில், நோயாளியின் மலசலத்தை எடுப்பதும் அந்நியரின் உடலைத் தொடுவதும் இழிதொழில் என்று கருதப்பட்ட நாட்கள் அவை. படித்து, தேறி, சம்பளம் வாங்கும் மதிப்புள்ள தொழிலாக அதனை மாற்றியவற்றுள் மிஷன் மருத்துவமனைகளின் பயிற்சிப் பள்ளிகளுக்குப் பெரும் பங்குண்டு. இன்று தில்லியிலும் மும்பையிலும் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் தென்னாட்டுச் செவிலியரைக் காண்கிறோம் என்றால், அதற்கான விதை இத்தகைய இடங்களில் ஊன்றப்பட்டது.

எனினும் ஒன்றை மறந்துவிடலாகாது. குண்டூருக்குக் கிடைத்தது விதிவிலக்கு, விதி மாறவில்லை. ஒரு கன்னிக்கு அனுமதி கிடைத்ததனால் மற்றக் கன்னியருக்குக் கதவு திறந்துவிடவில்லை. ராவல்பிண்டியில் முன்பிருந்த முடிச்சு அப்படியே இருந்தது.

அம்முடிச்சை மற்றொரு பெண் வேறு வழியில் அவிழ்க்கத் தலைப்பட்டார். ஆஸ்திரிய நாட்டின் திரோல் மலைப்பகுதியில் 1892-இல் பிறந்த அன்னா டெங்கல் என்பவர் அவர். மக்லாரன் அம்மையாரை நேரில் கண்டதேயில்லை. கடிதம் மூலமே அறிந்தவர். அவ்வம்மையாரின் அறிவுரையின்படி அயர்லாந்தில் கார்க் நகரில் மருத்துவம் பயின்று 1919-இல் பட்டம் பெற்றார். 1920-இல் ராவல்பிண்டி மருத்துவமனையில் பணி ஏற்றார். குளௌரி குண்டூர் வந்ததும் அதே ஆண்டில்தான். ஒரே மூதாட்டி ஏற்றிய விளக்கிலிருந்து இருவரும் சுடர் பெற்றார்கள். ஒருவர் தெற்கே சென்றார், மற்றவர் வடக்கே சென்றார்.

நோயாளிகளின் வெள்ளத்துக்குத் தனி ஒருவர் அணை போட முடியாது என்பதை டெங்கல் சில ஆண்டுகளில் உணர்ந்தார். 1925-இல் அமெரிக்காவில் வாஷிங்டன் நகரில், மற்றொரு பெண் டாக்டரும் இரு நர்ஸுகளும் உடனிருக்க, மருத்துவ மிஷன் சபையைத் தொடங்கினார். இங்கே அவருடைய மதிநுட்பத்தைக் காண்கிறோம். பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்தால் சட்டம் குறுக்கே நிற்கும். எனவே வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைத்து, பக்தி வாழ்வு நடத்தும் பெண்களின் கூட்டமாகவே தம் சபையை அமைத்தார். சட்டத்தை மீறவில்லை, சட்டத்துக்குள் அடங்கிய கன்னியராகவும் ஆகவில்லை. வேலை நடந்தது. 1927-இல் ராவல்பிண்டியில் அவர்களுடைய திருக்குடும்ப மருத்துவமனை திறக்கப்பட்டது.

கடைசியில் 1936-ஆம் ஆண்டு பிப்ரவரி 11-ஆம் நாள், வேதபோதகப் பணிகளை மேற்பார்வையிடும் ரோமாபுரிப் பேராயம் ஓர் அறிக்கை வெளியிட்டது. மிஷன் நாடுகளில் தாய்மாரையும் குழந்தைகளையும் காக்கும் பொருட்டுக் கன்னியர் மகப்பேற்று மருத்துவம் பயிலலாம். டாக்டர், நர்ஸ் பட்டங்கள் பெறவேண்டும். இப்பணிக்கென்றே சபைகள் அமைவதும் விரும்பத்தக்கது என அவ்வறிக்கை கூறிற்று. எழுநூறு ஆண்டுகட்கு மேற்பட்ட தயக்கம் அன்று முடிவுற்றது. டெங்கலின் துணைவியர் அதன் பின்னரே பகிரங்க வார்த்தைப்பாடு கொடுத்து முழு உரிமையுள்ள கன்னியராயினர். குண்டூரில் ஒரு கன்னி பதினாறு ஆண்டுகளாகப் பிரசவம் பார்த்து வந்திருந்தார். அதனால் அவருடைய துறவுக்கு யாதொரு பங்கமும் நேரவில்லை. அந்த வாழ்க்கை, வாதங்களைவிட வலிய சான்றாக நின்றது என்று கொள்வது மிகையாகாது.

தடை நீங்கியபின் பணி விரைந்தது. 1939-இல் மருத்துவ மிஷன் கன்னியர் பாட்னா நகரின் பழைய பகுதியில் மருத்துவமனை தொடங்கினர். 1958-இல் அது கங்கைக் கரையை அடுத்த குர்ஜிக்கு இடம் மாறியது. 1948-இல் லொரேட்டோ மடத்தை விட்டு வெளிவந்த அன்னை தெரேசா, கொல்கத்தாச் சேரிகளில் கால் வைப்பதற்கு முன், நோயாளிகளைப் பேணும் முறையைக் கற்றுக்கொண்டது இந்தப் பாட்னா மருத்துவமனையில்தான். சோறும் உப்பும் உண்டு வாழப் போவதாக அவர் எண்ணியிருந்தாராம். தம் உடம்பைக் காத்துக்கொள்ளாதவர் பிறரைக் காக்க முடியாது என்று அங்கிருந்த கன்னியர் அவருக்கு எடுத்துச் சொல்லி, வயிறார உண்ணும்படி அறிவுறுத்தியதாகச் சொல்வர். தில்லியில் ஓக்லாப் பகுதியிலுள்ள திருக்குடும்ப மருத்துவமனையும் 1950-களில் இச்சபையினர் தோற்றுவித்ததே. தலைநகரில் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பல அதன் பெயரை நன்கு அறியும்.

குண்டூர் அம்மையாரோ வேறொரு குறையைக் கண்டார். நாடெங்கும் கன்னியர் நடத்திய மருத்துவமனைகள் ஒன்றையொன்று அறியாமல் தனித்தனியே தவித்தன. 1943-இல் சில கன்னியரைக் கூட்டிக் கத்தோலிக்க மருத்துவமனைகளின் சங்கத்தை நிறுவினார். இன்று இந்தியக் கத்தோலிக்க நலவாழ்வுச் சங்கம் எனப் பெயர் பூண்டுள்ள அதில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட நிலையங்கள் அடங்கியுள்ளன. மருத்துவக் கல்லூரி ஒன்றும் வேண்டும் என்பது அவருடைய கனவு. அது பெங்களூரில் அர்ச்சியசிஷ்ட அருளப்பர் பெயரால் 1963-இல் நனவாயிற்று. அதைக் காண அவர் இருக்கவில்லை. முப்பத்தேழு ஆண்டுகள் இந்தியாவில் உழைத்து, ஒருமுறையேனும் தாய்நாடு திரும்பாமல், 1957 மே 5-ஆம் நாள் பெங்களூரில் புற்றுநோயால் காலமானார்.

இப்பணியின் அளவை மிகைப்படுத்தவும் கூடாது. சர் ஜோசப் போர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, அந்நாளில் இந்தியா முழுவதற்கும் இருந்த நர்ஸுகள் ஏறக்குறைய 7,000 பேரே. பிறந்த ஆயிரம் குழந்தைகளுக்கு 20 தாய்மார் இறந்தனர். இப்பெரும் இருளைக் கன்னியரின் மருத்துவமனைகள் மட்டும் அகற்றியிருக்க முடியாது. சுதந்திரத்திற்குப் பின் அரசாங்கங்கள் ஊர்தோறும் அமைத்த ஆரம்ப சுகாதார நிலையங்களும், அங்குப் பணியாற்றிய மருத்துவச்சிகளும், கிராமத்துச் செவிலியரும், பெண் கல்வியும் சேர்ந்தே அதை அகற்றி வருகின்றன. 2018 முதல் 2020 வரையிலான கணக்கின்படி, பிறந்த லட்சம் குழந்தைகளுக்கு 97 தாய்மார் இறந்தனர். போர் குழுவின் விகிதத்தை லட்சக் கணக்கில் சொன்னால் அது 2,000 ஆகும். வேறுபாட்டை நேயர்களே கணித்துக் கொள்ளலாம்.

இம்மருத்துவமனைகள் மீது ஐயம் கொண்டவர்களும் உண்டு. மருந்தோடு மதத்தையும் புகட்டவே இவர்கள் வந்தார்கள் என்று சொன்னவர்கள் பலர். தங்கள் சமயப் பற்றே தங்களைக் கடல் கடந்து வரச் செய்தது என்பதைக் கன்னியர் மறைத்ததில்லை. ஆனால் அவர்களைத் தடுத்ததும் அச்சமயத்தின் விதியே என்பதை இவ்வரலாறு காட்டுகிறது. தாய்மாரின் துன்பத்தைக் கண்டு அவ்விதியை மாற்றக் கோரிய பெண்கள், தங்கள் நம்பிக்கையைக் கைவிடாமலும், தங்கள் மேலோரைப் பழிக்காமலும், கோரிக்கையை ஒரு தலைமுறைக் காலம் விடாமல் பிடித்திருந்தார்கள். எந்தச் சமயத்தாரும் எந்தச் சமூகத்தாரும் கருதிப் பார்க்கத்தக்க பாடம் இது.

தனியார் மருத்துவமனை என்ற சொல்லைக் கேட்டதும் இன்று நம் மனத்தில் முதலில் எழுவது கட்டணச் சீட்டு. குண்டூர் மருத்துவமனையும் தனியார் மருத்துவமனையே, அரசாங்கத்துடையதன்று. ஆனால் அங்கே முதலீடு, ஊதியம் கேளாத பெண்களின் வாழ்நாள். அந்த முதலீடு இப்போது அருகி வருகிறது. துறவறம் மேற்கொள்ளும் பெண்களின் தொகை மேலைநாடுகளில் வெகுவாகக் குறைந்துவிட்டது. நம் நாட்டிலும் முன்போல் இல்லை. புதிய கருவிகளின் விலையோ ஏறிக்கொண்டே போகிறது. சம்பளம் பெறும் டாக்டர்களையும் நர்ஸுகளையும் கொண்டு நடத்தும்போது, ஏழைக்கு இரங்கும் பழைய வழக்கத்தை எவ்வளவு தூரம் காக்க முடியும் என்பது இம்மருத்துவமனைகள் ஒவ்வொன்றும் இன்று எதிர்நோக்கும் கேள்வி. திருச்சபைச் சட்டத்தின் தடையை நீக்கிவிட்டார்கள். பணத்தின் தடையை நீக்குவது அதனினும் எளிதன்று.

நேயர்களே, நீங்கள் வாழும் ஊரிலும் கன்னியர் நடத்தும் மருத்துவமனை ஒன்று இருக்கக்கூடும். அடுத்த முறை அங்குச் செல்ல நேர்ந்தால், வாயிற்புறத்து அடிக்கல்லில் பொறித்துள்ள ஆண்டைப் பாருங்கள். அது 1936-க்குப் பிற்பட்டதாயின், தடை நீங்கியபின் எழுந்த கட்டடம் என்று கொள்ளுங்கள். முற்பட்டதாயின், அங்கே சில கன்னியர், தங்கள் கண்ணெதிரே பிரசவத்தில் இறந்த பெண்ணுக்கு மருத்துவம் செய்ய உரிமையின்றி, அவள் அருகே அமர்ந்து செபம் மட்டும் சொன்ன காலமும் இருந்திருக்கும். அக்காலத்துக்கும் நம் காலத்துக்கும் நடுவில் நிற்பவர் ரோமாபுரிக்குப் பலமுறை நடந்த ஒரு மூதாட்டியும், குண்டூருக்கு வந்து திரும்பிப் போகாத ஒரு டாக்டரும், வார்த்தைப்பாட்டைத் தள்ளி வைத்துக்கொண்டு வேலையைத் தொடங்கிய மற்றொரு டாக்டரும் ஆவர்.